சீக்கிரம் வரும் என்று நான் சொன்ன மருந்து

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் அதிகம் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி என்பதோடு விட்டுவிடுவார்கள். பெருந்தொற்று அடங்கி, மக்கள் மறுபடியும் கூட்டம் கூடத் தொடங்கிய பிறகு வந்த ஒரு தீபாவளிக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

கிள்ளானில், காப்பார் போகும் சாலைக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் அக்காவின் வீடு. அன்று திறந்த இல்ல உபசரிப்பு, யார் வந்தாலும் சாப்பாடு. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அத்தானின் பெரியப்பா இரண்டாவது தட்டு பிரியாணியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ வைரஸ் பண்றியாமே? ஒன்னு வந்துட்டுப் போனது பத்தாதா லா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டம் வாங்கி, பல வருடங்கள் ஆய்வுக்கூடத்தில் நின்ற பிறகு, இப்படி ஒரு பகடி.

"வைரஸ் பண்ணல பெரியப்பா. வைரஸோட வெளி ஓட்ட மட்டும் எடுத்துக்கிறோம்" என்றேன். "நோய் கொடுக்கிறது உள்ள இருக்கிற சமாச்சாரம். அது எங்க கிட்ட கிடையவே கிடையாது. வெறும் ஓடு. ஆனா உடம்புல எந்தக் கதவத் தட்டணும்னு அந்த ஓட்டுக்குத் தெரியும். அதுக்குள்ள நாங்க புற்றுநோய் மருந்த வைக்கிறோம். மேல ஒரு சின்ன கொக்கி மாதிரி வைக்கிறோம். அது புற்றுநோய் செல்ல மட்டும் தேடிப் போய்ப் பிடிக்கும். மத்த இடத்தத் தொடாது."

"தொடாதுன்னா?"

"முடி கொட்டாது. வாந்தி வராது. வாயில புண்ணு வராது."

பெரியப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர்களும் என்னையே பார்த்தார்கள். "எப்பம்மா வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சீக்கிரம்" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமிதத்தை மறைக்கப்போவதில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் முதல் படம் வந்திருந்தது. ஒளிரும் சாயம் ஏற்றிய அந்த ஓட்டுத் துகள்களை எலிக்கு ஊசியாகப் போட்டு, மறுநாள் கேமராவுக்குக் கீழே வைத்து எடுத்த படம். எலியின் விலாவில் இருந்த கட்டி ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கை தட்டினோம். ஆனால் அந்தப் படத்தில் நான் சொல்லாத ஒன்று இருந்தது. கட்டி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எலியின் வயிற்றை ஒரு கறுப்புத் தாளால் மறைத்துவிட்டு எடுத்தோம். மறைக்காமல் எடுத்தால் கல்லீரலின் வெளிச்சத்தில் கட்டி கண்ணுக்கே தெரியாது. நாங்கள் போட்ட துகள்களில் பெரும்பகுதி அங்கேதான் போயிருந்தது. அப்படி மறைத்து எடுப்பது எங்கள் துறையில் தவறில்லை, கீழே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். மத்த இடத்தத் தொடாது என்று சொன்னபோது அந்தக் கறுப்புத் தாள் எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை.

அக்கா சமையலறைக் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் பலகாரத் தட்டு. எல்லோரும் கேள்வி கேட்டார்கள், அவள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே குளிக்கும்போது அவள் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு வைகாசி வாக்கில், ஒரு சனிக்கிழமை காலை, அவள் சொல்லாமல் கொள்ளாமல் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தாள். அவள் தனியாக அப்படி வருகிறவள் இல்லை. பாலர் பள்ளியில் வேலை, வீட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று கிள்ளானை விட்டு நகர மாட்டாள்.

தண்ணீர் குடித்தாள். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

மருத்துவமனை அறிக்கை. மார்பிலிருந்து திசு எடுத்துச் சோதித்த முடிவு. நான் முதலில் பார்த்தது தேதியை. நான்கு மாதம் ஆகியிருந்தது.

"என்னக்கா இது? ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"போகல. ரெண்டு அப்பாயின்மெண்ட் கொடுத்தாங்க. போன் பண்ணாங்க. நான் எடுக்கல."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"அவருக்குக் கட்டின்னு தெரியும். சாதாரணக் கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு, கடையில் ஏதோ கேட்பதுபோல, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: "உன் மருந்து ரெடியாச்சா?"

எனக்குப் புரியவே இல்லை. எந்த மருந்து என்று கேட்டேன்.

"அதான், தீபாவளிக்குச் சொன்னியே. முடி கொட்டாதுன்னு. அதைத்தான் போட்டுக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கேன். சீக்கிரம்னு சொன்னியே."

எங்கள் அம்மாவுக்கும் இதே நோய்தான். அப்போது நான் பினாங்கில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை கெடக் கூடாது என்று என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காதான் கூட இருந்தாள். அம்மாவின் வாய் முழுக்கப் புண்ணாகி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தது அவள். தலையணையிலிருந்து முடியைப் பொறுக்கியது அவள். நான் வந்து பார்த்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, படுக்க வைத்திருந்தார்கள். அந்த மருந்துகளின் கொடுமையை நான் புத்தகத்தில் படித்தேன், அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அதனால்தான் என் பேச்சை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அன்று காலை எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"அது எலிக்குப் போடுறது அக்கா! மனுஷனுக்கு இல்ல! எத்தன வருஷம் ஆகும் தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே சொல்லணும்."

பிறகு கேட்டாள்: "எலியெல்லாம் நல்லா இருக்கா?"

அந்த வாரம் எங்கள் எலிகள் நன்றாக இல்லை. முதல் ஊசிக்குப் பிறகு எல்லாம் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தன. இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் விலங்குக்கூடத்துக்குப் போனபோது, கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தன. சில சாப்பிடவே இல்லை. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. முதல் ஊசியிலேயே அவற்றின் உடம்பு அந்த ஓட்டை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டது. இரண்டாவது முறை வந்தவுடன் எதிர்த்துச் சண்டை போட்டது. வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்தது. அதைக் குறை சொல்ல முடியாது. அப்படித் தெரிய வேண்டும் என்றுதானே அதை நாங்கள் செய்திருந்தோம்.

இதை அக்காவுக்கு என்னால் முடிந்தவரை சொன்னேன். கல்லீரலைப் பற்றியும் சொன்னேன். கறுப்புத் தாளைப் பற்றியும் சொன்னேன். முடித்ததும், "அப்ப ஏன் சீக்கிரம்னு சொன்ன?" என்றாள்.

"பெரியப்பா கிண்டல் பண்ணாரு. அதான்."

அவள் அந்தத் தாளை மறுபடியும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், வேண்டாம் என்றாள். அத்தானிடம் சொல்லாதே என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. நான் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை என்பதால் யாரும் இல்லை. உறைபெட்டியைத் திறந்து, எங்கள் துகள்கள் இருந்த சின்னச் சின்னக் குப்பிகளை எண்ணினேன். பிறகு குறிப்பேட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எலியின் எடை இவ்வளவு, அக்காவின் எடை இவ்வளவு, அப்படியென்றால் எவ்வளவு வேண்டும். நாங்கள் அதுவரை செய்த அத்தனையையும் சேர்த்தாலும் அவளுடைய ஒரு ஊசிக்குக்கூடக் காணாது என்று வந்தது. நான் நிறுத்தியது அதனால்தான். தப்பு என்று தோன்றியதாலோ, கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்த எலிகள் நினைவுக்கு வந்ததாலோ அல்ல. போதுமான அளவு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். எங்கள் வேலையில் குறிப்பேட்டின் பக்கத்தைக் கிழிப்பது பெரிய குற்றம். அதற்கு முன்னும் பின்னும் நான் அதைச் செய்ததில்லை.

அக்கா திங்கட்கிழமை போனை எடுக்கவில்லை. மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு, அத்தானை அழைத்தேன். அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் எஞ்சின் இரைச்சல். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன மாசமா?" என்றார்.

"நாலு மாசம் அத்தான்."

"நீ மருந்து தரேன்னு சொன்னியா?"

"தரேன்னு சொல்லல. ஆனா..."

அவர் வைத்துவிட்டார்.

அன்று சாயந்திரம் நான் கிள்ளானுக்குப் போனபோது அக்கா என்னோடு பேசவில்லை. "சொல்லாதன்னு சொன்னேன்ல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அத்தான்தான் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ படிச்சவ. நீ ஒரு வார்த்த சொன்னா இந்த வீட்ல அது கோர்ட்டு உத்தரவு மாதிரி. உனக்கு அது தெரியாதா? இனிமே உன் வேலப் பேச்சு என் வீட்ல வேணாம்."

சரி என்றேன்.

புதன்கிழமை மூவரும் மருத்துவமனைக்குப் போனோம். புற்றுநோய்ப் பிரிவில் அக்காவைப் பார்த்தவர் ஒரு மலாய்க்கார டாக்டர், அக்காவைவிட வயதில் சின்னவர். அறிக்கையைப் பார்த்தார், அக்காவின் அக்குளில் கை வைத்து அழுத்திப் பார்த்தார், மறுபடியும் அறிக்கையைப் பார்த்தார். "கெனாப்பா லம்பாட், காக்?" என்றார். ஏன் இவ்வளவு தாமதம் அக்கா என்று. குரலில் கடுமை இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "தாக்குட், டாக்டர்" என்றாள். பயம். அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளுக்கும் புற்று பரவியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பே பரவியிருந்ததா, இடையில் பரவியதா என்று நான் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் மறுபடியும் வேறு விதமாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "அதைத் தெரிந்துகொண்டு இப்போது சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை" என்றார். முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை, அதன் பிறகு கதிர்வீச்சு என்று வரிசை முடிவானது.

முதல் கீமோவுக்கு நான்தான் கூட உட்கார்ந்திருந்தேன். அத்தானுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. செவிலியர் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய ஊசிக்குழலோடு வந்தார். உள்ளே இருந்தது சிவப்பு மருந்து, ரோஸ் சிரப்பின் நிறம். நாங்கள் ஓட்டுக்குள் அடைப்பது அதே மருந்தைத்தான். அதை நான் பல வருடங்களாக அறிவேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்து, அதே மாதிரி இரண்டு கையுறை போட்டு, ஒரு துளி மேசையில் சிந்தினால்கூட எல்லோரையும் விலகச் சொல்லித் துடைப்போம். செவிலியர் அதை மெல்ல மெல்ல அக்காவின் நரம்பில் ஏற்றினார். குழாயில் சிவப்பு நகர்ந்து போய் அவள் புறங்கைக்குள் மறைந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன? இதான் நீ உள்ள வைக்கிறதா?"

"ஆமா."

"ஓடு இல்லாமயே வருது பாரு" என்றாள்.

சிரிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வாரத்தில் முடி கொட்டியது. தானே போய் மொட்டை போட்டுக்கொண்டாள், முடிதிருத்தும் கடைக்காரரிடம் திருமலை வேண்டுதல் என்று சொன்னாளாம். வாயில் புண் வந்தது. ஆனால் அம்மாவுக்கு வந்த அளவுக்கு இல்லை. வாந்திக்கு முன்கூட்டியே நல்ல மாத்திரை கொடுத்தார்கள். "அம்மாவுக்கு இதெல்லாம் கொடுக்கலயே" என்று ஒரு நாள் சொன்னாள். அம்மாவின் காலத்துக்குப் பிறகு இந்த மாத்திரைகள் எவ்வளவோ மாறியிருந்தன. நான் இதே துறையில் இருக்கிறவள். அதை முன்பே, தீபாவளிக் கூடாரத்தில் உட்கார்ந்து, அவளிடம் சொல்லியிருக்கலாம். என் ஓட்டைப் பற்றிப் பேசிய நேரத்தில் அந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசியிருந்தால் அவள் அப்போதே போயிருப்பாளோ என்னவோ. எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த மாத்திரைகளில் என் பங்கு ஒன்றும் இல்லையே.

அந்த நாட்களில் பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் ஆராய்ச்சியைப் பற்றிச் செய்தி வெளியிட விரும்பினார்கள். புற்றுநோயைத் தேடிப் பிடிக்கும் புத்திசாலி வைரஸ் என்று தலைப்புப் போட்டு அனுப்பினார்கள். நான் பாதிக்கு மேல் வெட்டினேன். எலிகளில் மட்டுமே, அதிலும் இன்னும் சிக்கல்கள் உள்ளன, மனிதர்களுக்கு இல்லை என்று எழுதிச் சேர்த்தேன். எங்கள் பேராசிரியர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு சீனப் பெண்மணி, என்னை அறைக்கு அழைத்து, "இப்படி எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்டார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், முடியவில்லை. அவர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வரிகள் இருக்கட்டும் என்றார்.

அப்படியும் செய்தி வெளிவந்த வாரம் செமினியிலிருந்து ஒருவர் என் அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். மனைவிக்கு ஈரலில் புற்று. "மேடம், பேப்பர்ல பார்த்தேன். எங்க வந்தா கிடைக்கும்?" என்றார். இன்னும் இல்லை என்றேன். எத்தனை மாதம் ஆகும் என்றார். மாதக்கணக்கு இல்லை அண்ணே, வருவதே நிச்சயம் இல்லை என்றேன். டாக்டர் கொடுத்த தேதி எதையும் விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றார். அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. போனை வைத்த பிறகு நான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

நான் வேலையை விடவில்லை. விடலாமா என்று யோசித்தேன். இப்போது நான் செய்வது கைதட்டல் வாங்கும் வேலை அல்ல. எங்கள் துகள் இரத்தத்துக்குள் போனதும் இரத்தத்தில் உள்ள புரதங்கள் வந்து அதன்மேல் அப்பிக்கொள்கின்றன. நாங்கள் பாடுபட்டு ஒட்டிய கொக்கி அதில் மறைந்துபோகிறது. எந்தப் புரதம், எவ்வளவு நேரத்தில், எங்கே அப்புகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஓட்டின் மேற்பரப்பில் ஒரு இடத்தை மாற்றினால் எலியின் உடம்பு இரண்டாவது ஊசியைப் பொறுத்துக்கொள்கிறதா என்று பார்க்கிறேன். சில மாற்றங்களில் ஓடே கூடி வராமல் உடைந்துபோகிறது. ஒன்றில் எலிகள் கொஞ்சம் பரவாயில்லை.

அக்கா அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, பாலர் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை வீங்குகிறது. இறுக்கமான ஒரு உறையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், தூக்குகிறாள். சில மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனை. இதுவரை எதுவும் திரும்ப வரவில்லை. ஒவ்வொரு முறையும் முடிவு வரும் வரை அத்தான் தாடி எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வெளியே போயிருந்தார். பின்கட்டில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், வீங்கிய கையைத் தூக்க முடியாமல் மற்ற கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தாள். நான் வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருடமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அக்கா, என்னாலதான் இவ்ளோ ஆச்சுன்னு நினைக்கிறியா?"

அவள் உடனே இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு கைலியை உதறிக் கொடியில் போட்டாள். யோசித்தாள்.

"சில நாள் தோணும். கை வலிக்கிறப்ப தோணும்" என்றாள். "அப்புறம், நீ ஒன்னும் சொல்லாம இருந்தாலும் வேற எதையாவது சாக்கா வச்சுப் போகாம இருந்திருப்பேனோன்னும் தோணும். எனக்கு அவ்ளோ பயம். எது நிஜம்னு எனக்கே தெரியல."

"சரி" என்றேன்.

"நீ கேட்ட, சொன்னேன். அழாத."

அடுத்த பரிசோதனை இந்த மாதக் கடைசியில். அத்தானுக்கு அன்று வேலை இருக்கிறதாம், நான் வர முடியுமா என்று நேற்று அவரே போன் பண்ணிக் கேட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.